சிம்ரனின் பீச்சாங்கை

முதலில் மூக்கைத் துடைப்பாள் சிம்ரன். தன் மூக்கை அல்ல, கருவியின் மூக்கை. இடக்கைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அப்புறம் வேண்டாத தாள் ஒன்றில் விரல்நீளத்துக்கு ஓர் இழுப்பு. இழுத்த இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பாள். விரலோடு தாளும் எழுந்து வந்தால் அன்றைய வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால், கடையில் இருக்கிறவர்கள் கொஞ்ச நேரம் அவளிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

கடை கலீம் பாயுடையது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வரிசை முடிகிற இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. முன்பாதியில் அவருடைய இரண்டு மெஷின்களும் போட்டோ பிரிண்டரும். பின்பாதியில் ஒரு மேஜை, ஒரு டியூப் லைட், சிம்ரன். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று யார் வீட்டில் எது நடந்தாலும் அந்தப் போட்டோக்களையும், அவற்றோடு வருகிற பத்திரிகை, ரிப்பன், காய்ந்த பூ, பஸ் டிக்கெட் போன்ற சில்லறைச் சாமான்களையும் கெட்டி அட்டைகளில் ஒட்டி ஆல்பமாக்கித் தருவது அவள் தொழில். இன்ஸ்டாகிராமில் ஸ்க்ராப்புக் என்று போட்டிருக்கிறாள். தெருவில் ‘ஒட்டுற பொண்ணு’ என்றால்தான் தெரியும். வயது இருபத்தாறு. அவள் பிறந்த வருஷம் திருப்புட்குழியில் அவள் தெருவில் மட்டும் மூன்று சிம்ரன்கள் பிறந்தார்கள். மற்ற இரண்டு பேரும் கல்யாணமாகிப் போகும்போது தங்கள் பங்குக் கோபத்தையும் இவளிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது கலீம் பாயின் கட்சி.

அவளுக்குக் கோபம் வருகிற இடங்களைச் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. முப்பது போட்டோவை வாட்ஸப்பில் தள்ளிவிட்டு ‘கிளியரா வரணும்’ என்கிறவர்கள் மேல் கோபம். நல்ல பத்திரிகையை லேமினேஷன் போட்டுக் கெடுத்துக் கொண்டுவருகிறவர்கள் மேல் கோபம். “சும்மா ஒட்டறதுதானேம்மா, நாளைக்கே குடுத்துடேன்” என்று கேட்ட ஒரு பல் டாக்டரிடம், “சும்மா புடுங்கறதுதானே சார், நீங்க இன்னாத்துக்கு டோக்கன் போட்டு ஒக்கார வெக்கிறீங்க” என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

அந்தக் கருவி மேல் மட்டும் அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் கூடு அது. உள்ளே சின்ன உருளையில் பசை நாடா சுற்றியிருக்கும். மூக்கைத் தாளில் வைத்து இழுத்தால் ஈரமே இல்லாத பசை மெல்லிய கோடாக இறங்கும். எழுத்தை மறைக்கிற ஒயிட்னர் டேப்பைப் பார்த்திருப்பீர்கள், இது அதற்கு அண்ணன். டேப் ரன்னர் என்பது கடைக்காரர்கள் சொல்கிற பெயர். சிம்ரன் வைத்த பெயர் வேறு. ஊசியைக் காய்ச்சி, கூட்டின் முதுகில், தன் கோணல் எழுத்தில், அந்தப் பெயரைச் சுட்டு எழுதியிருக்கிறாள்: பீச்சாங்கை.

தன் பெயர் சிம்ரன் என்று தெரிவதற்கு முன்பே அவளுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். சோறு தின்கிற கை சோத்துக்கை, கழுவுகிற கை பீச்சாங்கை என்பது இந்தப் பக்கத்து வழக்கு. சிம்ரனுக்கு எல்லாமே பீச்சாங்கையில்தான் வந்தது. கிலுகிலுப்பை பிடித்தது, மண்ணில் கோடு கிழித்தது, பக்கத்து வீட்டுப் பையன் மண்டையில் கல்லால் அடித்தது, எல்லாம். அம்மா மரியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் சோத்துக்கையால் தின்னும்போது தான் பெற்றது மட்டும் தட்டில் இடக்கையை வைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். சாப்பாட்டு வேளையில் அந்தக் கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார். சாப்பாடு வலக்கைக்கு மாறியது. வேறு எதுவும் மாறவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேறு தொல்லை. நம் எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது. வலக்கையால் எழுதுகிறவர்களின் கை எழுதிய எழுத்தைத் தொடாமல் முன்னால் போய்விடும். இடக்கைக்காரரின் கை அப்போதுதான் எழுதிய ஈர எழுத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வரும். அதனால் அவள் நோட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் வலது பக்கத்தில் ஒரு நீல வால் முளைத்திருக்கும். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை அவள் உள்ளங்கையின் ஓரம் ஐந்தாம் வகுப்பு முழுவதும் நீலமாகவே இருந்தது. ‘அசிங்கமா எழுதறா’ என்று டீச்சர் ஸ்கேலால் அந்தக் கையின் விரல் மொளியிலேயே போட்டார். கையை அடித்தால் மை எப்படிக் காயும் என்று சிம்ரன் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்து இப்போதும், பஸ்ஸில் போகும்போது, சம்பந்தமே இல்லாமல் அவளுக்கு முகம் சிவக்கும்.

ஒட்டுகிற தொழிலுக்கு வந்த பிறகும் அதே வால்தான். மையின் இடத்தில் பசை. வெள்ளைப் பசையைத் தடவினால் அவள் கையே அதை இழுத்துப் போட்டோவின் முகத்தில் பூசியது. அம்மா காய்ச்சிக் கொடுத்த சாதக் கஞ்சியைப் பூச்சி தின்றது, கூடவே ஒரு மாப்பிள்ளையின் காதையும் தின்றது. பசைக் குச்சி சித்திரை வெயிலில் வெண்ணெயாகக் குழைந்தது. பசைத் துப்பாக்கி விரலைச் சுட்டது. இரண்டு பக்கம் ஒட்டுகிற டேப்பில் அவளுக்குக் குறை சொல்ல எதுவுமில்லை, அதன் முதுகுத் தாளை நகத்தால் உரித்து உரித்து ஒருநாள் மொத்தச் சுருளையும் தெருவில் வீசியதைத் தவிர. சுருள் போய் ஒரு மாட்டின் வாலில் ஒட்டிக்கொண்டது. “அதுல மட்டும் நல்லா புடிச்சிக்கினு போகுது பாரு” என்றாள்.

டேப் ரன்னர் கிடைத்ததே தப்பாக வாங்கியதால்தான். பாரிமுனையில் மொத்தக் கடை ஒன்றில் கலந்துகட்டிக் கொட்டி வைத்திருந்த பெட்டியில், மேலே ஏதோ புரியாத பாஷையில் எழுதியிருந்ததை ஒயிட்னர் என்று நினைத்து எடுத்து வந்தாள். ஆல்பத்தில் பெயர், தேதி எழுதும்போது விழுகிற மை வாலை அழிக்கத்தான் வாங்கினாள். மேஜைக்கு வந்து ஓர் எழுத்தின் மேல் இழுத்தாள். எழுத்து மறையவில்லை. சனியன் என்று கையை எடுத்தாள், கையோடு தாளும் வந்தது. உதறிப் பார்த்தாள், விடவில்லை. பிய்த்து எடுத்துவிட்டு உள்ளங்கை ஓரத்தைப் பார்த்தாள். ஈரம் இல்லை, வால் இல்லை. ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு முடியவில்லையோ என்று கலீம் பாய் டீ வரவழைத்தார்.

அப்புறம் பார்த்தால் அதுவும் சோத்துக்கைக்காரர்களுக்காகச் செய்ததுதான். மூக்கின் சாய்வு அவர்களுக்குத் தோதாக இருந்தது. இடக்கையில் பிடித்து இழுத்தால் உருளையின் ஒரு விளிம்பு மட்டும் தாளில் பட்டு நாடா சுருண்டுகொண்டது. சிம்ரன் அதை உலகம் முழுவதும் சேர்ந்து தனக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டாள். நகம் தேய்க்கிற அரத்தால் மூக்கை மறுபக்கச் சாய்வாகத் தேய்க்கத் தொடங்கினாள். மூன்று கூடுகள் பாழாயின. நாலாவது அவள் கைக்குப் படிந்தது. வியர்வையில் வழுக்கியதால், தறிக்காரர் ஒருவர் வீட்டில் மிச்சம் கிடந்த ஜரிகையை வாங்கிவந்து, பிடிக்கிற இடத்தில் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம்தான் ஊசியைக் காய்ச்சிப் பெயர் எழுதினாள்.

“எங்க வூட்ல உல்டா ஹாத்னு சொல்லுவாங்க” என்றார் கலீம் பாய், முதுகில் சுட்ட எழுத்தைப் பார்த்து. “போயும் போயும் இந்தப் பேரா பேட்டி? வேற நல்ல பேரா வெக்கக் கூடாதா?” மகளே என்பதற்கு அவர் வீட்டுச் சொல் பேட்டி.

“இத்தன வருஷமா அத சொல்லித்தானே திட்டினாங்க. இப்ப நான் கூப்புடறேன். யாரு திட்றாங்கன்னு பாக்கலாம்.”

காஞ்சிபுரத்து நகம் ஜரிகையைக் கண்டால் சும்மா இருக்காது. மேஜைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆல்பத்தைப் பார்ப்பதற்கு முன் கருவியை எடுத்து, ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா, அசலா போலியா என்று பார்ப்பார்கள். ஒருவர் நுனியைப் பிரித்து, எரித்துப் பார்க்கத் தீப்பெட்டியை எடுத்தேவிட்டார். அன்றிலிருந்து அதை அவள் மேஜைமேல் வைப்பதில்லை. ஒன்று கையில் இருக்கும், இல்லாவிட்டால் மடியில். கம்பெனிக்காரன் ரீஃபிலின் அளவை மாற்றியபோது, பழைய அளவில் கிடைத்ததையெல்லாம் தேடி வாங்கி பிஸ்கெட் டின்னில் அடுக்கி வைத்துக்கொண்டாள். கம்பெனிக்கு நாலு பத்தியில் தமிழில் ஒரு மெயிலும் போட்டாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இங்கிலீஷில் பதில் வந்தது. அந்த நன்றியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். யாராவது போட்டோவையோ காசையோ நீட்டினால் சிம்ரனுக்கு முதலில் எழுவது இடக்கைதான். நீட்டுகிறவர்கள் கொடுக்க வந்ததை விடமாட்டார்கள். பிடித்தபடியே நிற்பார்கள். வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, அவள் வலக்கையை நீட்டுகிற வரைக்கும் பிடி தளராது, அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கும். கொடுக்கல் வாங்கல் முழுவதையும் முன்பாதியில் கலீம் பாயிடம் தள்ளிவிட்டு அவள் பின்பாதியில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மேஜையில் மட்டும் அவளை யாரும் கை மாற்றச் சொன்னதில்லை. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு வந்தவர் ராஜவேலு. பட்டுச்சேலை வியாபாரம், சொந்தமாகத் தறிகள், வெள்ளை வேட்டி, தணிந்த குரல். அவர் மகள் ஏலவார்குழலிக்கு வெள்ளிக்கிழமை பக்கத்திலேயே ஓரிக்கை என்கிற ஊரில் வளைகாப்பு. அன்று எல்லாரும் பார்க்கிற மாதிரி தன் கல்யாண ஆல்பம் வேண்டுமென்று குழலியே போனில் சொல்லி, போட்டோக்களை அனுப்பியிருந்தாள். நாற்பது பக்கங்களில் முப்பத்தொன்பது முடிந்துவிட்டன. தாலி கட்டுகிற பக்கத்தில் மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தாள் குழலி. அங்கே வைக்க வேண்டியதை அப்பா கொண்டுவருவார் என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு நாள்காட்டித் தாள். பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது.

“குழலி அம்மா எழுதினதும்மா. செல்லியம்மா. பொண்ணுக்கு முகூர்த்தச் சேலை இன்னா கலர்ல வேணும்னு எழுதி கடைக்கு அனுப்பினா. தறியில ஏத்தறதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டா. இதைப் பாத்துதான் நெஞ்சோம். இது ஒண்ணுதான் அவ எழுத்துன்னு எங்கிட்ட இருக்குது.”

சிம்ரன் தலையாட்டினாள். மேல் அட்டையில் ரிப்பன் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை ஒட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தாள், இழுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் பார்வை ரிப்பனில் இல்லை என்பது அவளுக்குத் தலை நிமிராமலே தெரிந்தது. கைக்கு அது பழக்கம்.

“ஏம்மா, உனுக்கு பீச்சாங்கையா?”

“ஆமா சார்.”

“ஆல்பம் முழுக்க அந்தக் கையாலயா ஒட்டின?”

“வேற கை வாடகைக்குக் கெடைக்கல சார்.”

முன்பாதியில் மெஷின் நின்றது. கலீம் பாய் எட்டிப் பார்த்தார். ராஜவேலுவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. கத்துகிறவர்களோடு கத்தலாம். இவர் கைகூப்பாத குறையாகப் பேசினார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும், நல்லா இருக்குது. இந்தச் சீட்ட மட்டும் சோத்துக்கையால ஒட்டிடு. தாலி கட்டுற பக்கம். கல்யாணத்த அவ இருந்து பாக்கல. இனிமே பொறக்கப் போற கொழந்தைக்காவது ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு பாக்கறேன்.”

குறை. அந்தச் சொல் போய் எங்கே உட்கார்ந்தது என்று அவருக்குத் தெரியாது. முப்பத்தொன்பது பக்கத்தில் ஒரு மூலை தூக்கியிருக்கிறதா, ஒரு கோடு வெளியே வந்திருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். அதே ஸ்கேல், அதே பாவாடை நாடா, இந்தத் தடவை இனிமையான குரலில். சிம்ரனுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

“சோத்துக்கையால எனுக்கு ஒட்ட வராது சார். வெச்சா வெச்சதுதான், இந்தப் பசைய திருப்பி எடுக்க முடியாது. தாள் கிழிஞ்சிடும்.”

“மெதுவா வெச்சா வரும்மா.”

“ஒரு சீட்டுதானே பேட்டி” என்றார் கலீம் பாய், சமாதானமாக. “அவரு மனசுக்கு…”

சிம்ரன் அவரைப் பார்த்தாள். நாலு வருஷமாக இந்த மேஜைக்கு வாடகை வாங்காமல், டீ வாங்கிக் கொடுத்து, அவள் கோபத்தையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர். அவரும் சொல்லிவிட்டார். கலீம் பாய் சட்டென்று திரும்பி, தாள் நிறைந்திருந்த மெஷினிலேயே மறுபடியும் தாள் வைக்கப் போனார்.

“நீங்களே ஒட்டுங்க சார்.” கருவியைத் தூக்கி ராஜவேலு முன்னால் வைத்தாள். “உங்களுக்குத்தான் சோத்துக்கை இருக்குதே. மொதல்ல இந்த வெத்துத் தாள்ல இழுத்துப் பாருங்க.”

அவர் அதை எடுத்தார். ஊர்ப் பழக்கத்தில் நகம் ஒரு தரம் ஜரிகையைச் சுரண்டியது. அப்புறம் வலக்கையில் பிடித்து, வெற்றுத் தாளில் மூக்கை வைத்து இழுத்தார். ஓர் ஓரம் மட்டும் தாளைத் தொட்டது. நாடா கொத்தாகச் சுருண்டு அவர் விரலில் ஏறிக்கொண்டது. இன்னொரு தரம் இழுத்தார். இன்னும் மோசமாகச் சுருண்டது.

“கெட்டுப்போச்சு போலம்மா இது.”

“அது கெட்டுப்போகல சார். முதுகுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க.”

அவர் படித்தார். முகம் சுருங்கியது. மெதுவாகக் கீழே வைத்தார். சிம்ரன் அதை எடுத்து, சுருண்ட நாடாவைப் பிய்த்து எறிந்து, மூக்கைத் துடைத்தாள். இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தாள். ஓர் அந்நியக் கை தன் கருவியை இழுத்ததற்கா, தானே எடுத்துக் கொடுத்ததற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஆல்பத்த எடுத்துக்கினு போங்க. சீட்ட யாருனா சோத்துக்கைக்காரங்கள வெச்சி ஒட்டிக்கோங்க. இந்தாங்க.”

உறையிலிருந்து தாளைத் தள்ளி அவர் முன்னால் வைக்கப் போனவள் நிறுத்தினாள். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

உடம்பு அரக்கு. பார்டர் மயில்கழுத்து. முந்தி முழுக்க ஜரிகை. குழலிக்கு.

நாலு வரி. நீல மை. ஒவ்வோர் எழுத்துக்கும் வலது பக்கத்தில் ஒரு வால்.

“சார். இவுங்க எந்தக் கையால எழுதுவாங்க?”

“இன்னா கேள்விம்மா இது. எல்லாரும் எழுதற கையாலதான்.”

“பாத்திருக்கீங்களா?”

“வூட்டுக்கு நான் போறதுக்குள்ள எழுதி வெச்சிடுவா. ஆளு மூலமா கடைக்கு வந்துடும்.” கொஞ்சம் யோசித்தார். “சாப்புடறது சோத்துக்கையாலதான். அது நல்லாத் தெரியும்.”

“நானும் சோத்துக்கையாலதான் சாப்புடறேன் சார்.”

சிம்ரன் பேனாவை எடுத்தாள். வெற்றுத் தாளில், இடக்கையால், அந்த நாலு வரியை அப்படியே வேகமாக எழுதினாள். எழுதி முடித்து, உள்ளங்கை ஓரத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். நீலம். தாளை நாள்காட்டித் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இதிலும் வால், அதிலும் வால். இரண்டும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தன.

ராஜவேலு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

“குழலி. அம்மா எந்தக் கையாலம்மா எழுதும்?”

“பீச்சாங்கையாலதான்ப்பா. இன்னாத்துக்கு இப்ப?”

“எனுக்குத் தெரியாதே.”

“நீ வர்ற சத்தம் கேட்டா பேனாவ கீழ வெச்சிடும்பா. கல்யாணமான புதுசுல நீ சொன்னியாமே. பீச்சாங்கையால சீட்டு எழுதி அனுப்பினா கடை வெளங்குமான்னு. அதுலேர்ந்து உன் எதுர்ல எழுதாது. எனுக்கு வீட்டுப்பாடம்கூட நீ கடைக்குப் போனப்புறம்தான் எழுதிக் குடுக்கும்.”

“நான் சொன்னனா?”

“சொன்னேன்னு அம்மா சொல்லும்.”

அவர் ஞாபகப்படுத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அகப்படவில்லை. போகிற போக்கில் சொல்லியிருப்பார், டீ குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார். போனை அணைத்துவிட்டு நாள்காட்டித் தாளைக் குனிந்து பார்த்தார்.

“எவ்ளோ சீட்டு வந்திருக்கும்மா கடைக்கு” என்றார். “எல்லாத்துலயும் நான் கலரத்தான் பாத்தேன்.”

வயதான மனிதர் ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் மனசு இளகும் என்பார்கள். சிம்ரனுக்கு இளகவில்லை. கோபம் இன்னும் ஏறியது. பாவாடை நாடாவால் கட்டினால் அவிழ்த்துவிடலாம், ஸ்கேலால் அடித்தால் வீங்கி வற்றிவிடும். ஒரு பொம்பிளை, தன் வீட்டில், தன் கையால் எழுதுவதற்கு, செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். ஆத்திரத்தில் சிம்ரனுக்குக் கண் கலங்கியது. அதை இந்த மனிதர் அழுகை என்று எடுத்துக்கொள்வாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“எத்தன வருஷம் சார், கல்யாணமாகி?”

“இருவத்தெட்டு.”

“இருவத்தெட்டு வருஷம்” என்றாள். “ஒரு தடவ சீக்கிரமா வூட்டுக்குப் போயிருந்தா பாத்திருக்கலாம்.”

கலீம் பாய் முன்பாதியிலிருந்து, “பேட்டி, போதும்” என்றார், தணிந்த குரலில். ராஜவேலு அவர் பக்கம் கையைக் காட்டி, சொல்லட்டும் என்பதுபோலத் தலையசைத்தார். சிம்ரன் பேனாவை மூடி ஓரமாக வைத்தாள். நாள்காட்டித் தாளை அவர் முன்னால் தள்ளி வைத்தாள். ஆல்பத்தைத் திறந்து, தாலி கட்டுகிற பக்கத்தைப் பிரித்து, காலி இடத்தைத் துணியால் துடைத்தாள். கருவியை இடக்கையில் எடுத்து, வெற்றுத் தாளில் ஓர் இழுப்பு இழுத்து, சுண்டுவிரலால் தொட்டாள். தாள் எழுந்து வந்தது. கருவியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒட்டுவதா எடுத்துக்கொண்டு போவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவள் கேட்கப் போவதில்லை.

மேஜையைத் தாண்டி அவள் நீட்டியது இடக்கையைத்தான், எப்போதும்போல. உள்ளங்கை ஓரத்தில் நீலம் இன்னும் காயவில்லை.

ராஜவேலு எழுந்து சீட்டை வலக்கையால் எடுத்தார். கொடுக்கவில்லை. பிடித்தபடி நின்றார். சிம்ரன் கையை மாற்றவில்லை. பட்டுக்கடை வரிசையில் ஒரு ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ராஜவேலு சீட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். பழக்கமில்லாத கை, தாள் லேசாக ஆடியது. அதை அப்படியே அவள் பக்கம் நீட்டினார். அவள் விரல் பட்டதும் பிடியை விட்டார்.